மூலையில் ஒரு நாற்காலி

"எல்லாம் குழந்தைகளுக்காகத்தான்" என்று சொல்லாமல் எந்தக் குடும்பமும் அயல் நாட்டுக்குக் கப்பலேறுவதில்லை. கப்பல் என்று நாம் சொன்னது பழைய பழக்கத்தினால். இப்போது இரவில் மீனம்பாக்கத்தில் ஆகாய விமானம் ஏறினால் மறுநாள் காலை பிராங்க்பர்ட்டில் இறங்கிவிடலாம். ஊர் மாறுவதற்கு ஓர் இரவு போதும். மனம் அந்த ஊரில் இறங்குவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதல்லவா கேள்வி?

நமக்கு வேண்டிய தம்பதிகள் சில வருஷங்களுக்கு முன் ஜெர்மனிக்குக் குடிபோனார்கள். கணவருக்கு ம்யூனிக் நகரத்தில் என்ஜினீயர் உத்தியோகம். ஏழு வயதில் ஒரு பெண். மூன்று வயதில் ஒரு பிள்ளை. படித்த உத்தியோகஸ்தர்களுக்கு அந்நாட்டில் 'ப்ளூ கார்டு' என்று ஓர் அநுமதி உண்டு. அதை வைத்திருப்பவரின் மனைவி ஜெர்மன் பாஷையில் பரீட்சை கொடுக்காமலே உடன் செல்லலாம். பெரிய சலுகைதான். ஆனால் அந்தச் சலுகையே பிறகு சங்கடமாக முளைத்தது.

போய் இறங்கியதும் சடங்குகள் ஆரம்பமாயின. புது வீட்டில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பெயர்களைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டும் வேண்டும். பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியே தீரவேண்டும். எல்லாக் குழந்தைகளும் பள்ளி செல்லவேண்டும் என்று 1919-ஆம் வருஷத்து வைமார் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த தேசம் அது. "பாஷை தெரியவில்லை, சில மாதம் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறோம்" என்பதெல்லாம் அங்கே செல்லாது.

பிள்ளைக்குக் கிண்டர்கார்டன். அந்தச் சொல்லே அந்த மண்ணில் பிறந்ததுதான். துரிங்கியா மலைப் பக்கத்தில் ப்ரோபெல் என்னும் ஆசிரியர் 1840-இல் இட்ட பெயர் அது. ஒரு வயது நிறைந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் இத்தகைய இடத்தில் உரிமை உண்டென்று 2013 ஆகஸ்டு முதல் சட்டம் சொல்கிறது. சட்டம் சொன்னதும் இடம் கிடைத்துவிடுமா? நம் நண்பர்கள் பல மாதம் காத்திருந்தார்கள்.

இடம் கிடைத்த பிறகு நடந்ததைக் கேட்டபோதுதான் நமக்கு ஆச்சரியம் உண்டாயிற்று. நம் ஊரில் குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தாயார் மெல்ல நழுவிவிடுவாள். அங்கே அது கூடாது. 'பெர்லின் முறை' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். முதல் மூன்று நாள் தாயோ தகப்பனோ வகுப்பு மூலையில் ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நாலாம் நாள், குழந்தையிடம் சொல்லிக்கொண்டு, சற்று நேரம் வெளியே போய் வரவேண்டும். குழந்தை தேறாமல் அழுதால் உடனே திரும்பி வரவேண்டும். இப்படியே வாரக் கணக்கில் கொஞ்சங் கொஞ்சமாகப் பழக்குகிறார்கள். நம் நண்பரின் பிள்ளை மூன்றாவது வாரம் தாயாருக்குக் கையசைத்துவிட்டு மணல் விளையாடப் போய்விட்டான்.

தாயார் வீடு திரும்பினார். அவருக்காக மூலையில் நாற்காலி போட்டு உட்கார யார் இருந்தார்கள்? கணவர் அலுவலகத்தில். மார்கழியில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைவீதியெல்லாம் மூடிக் கிடக்கும். ஊரில் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்த அந்த அம்மாளுக்கு, அங்கே எதிர் வீட்டுக்காரருக்கு 'நமஸ்காரம்' சொல்லவும் நா எழவில்லை.

ஒரு வருஷத்துக்குள் பெண் ஜெர்மன் பாஷையை வெளுத்து வாங்கினாள். பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி ஐந்து நிமிஷம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பேசினால், பெண், "நான் நன்றாகப் படிக்கிறேனாம், அம்மா" என்று ஒரே வரியில் மொழிபெயர்த்துவிடுவாள். இதுவரை வேடிக்கைதான். ஒரு நாள் தாயார் உடம்பு சரியில்லாமல் வைத்தியரிடம் போனார். தன் வியாதியைத் தன் எட்டு வயதுக் குழந்தையின் வாயால் சொல்லவேண்டி வந்தது. குழந்தையிடம் சொல்லத் தகாததை விழுங்கிவிட்டு, தலைவலி என்று சொல்லித் திரும்பினாராம். அன்றிரவு பெண் தூங்கவில்லை. "அம்மாவுக்கு வேறு என்னவோ இருக்கிறது, எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை" என்று அழுதாளாம்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நாம் வெகு நேரம் யோசித்தோம். வீட்டின் பாரத்தைக் குழந்தையின் நாக்கில் ஏற்றிவைப்பது நியாயமா? குழந்தை பெரியவளாகிறாள்; பெற்றவள் சிறியவளாகிறாள். நாளடைவில் மதிப்பும் அந்த வழியே போய்விடாதா?

அந்நாட்டில் குடியேறியவர்களுக்கென்று 2005-இல் அமலுக்கு வந்த சட்டப்படி வகுப்புகள் ஏற்பட்டன. முக்கால் மணி நேரப் பாடங்களாக, பாஷைக்கு அறுநூறு. நாட்டின் சட்டம், சரித்திரம் முதலியவற்றுக்கு நூறு. இவ்வகுப்பில் இடம் கிடைக்காதவர்களுக்கு மாலைப் பள்ளிகள் உண்டு. நண்பருக்கு நாம் எழுதியது இதுதான்: "வாரத்தில் மூன்று மாலை நீர் சீக்கிரம் வீடு திரும்பிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும். உம் மனைவி வகுப்புக்குப் போகட்டும். மூலை நாற்காலியில் இப்போது உட்கார வேண்டியவர் நீர்."

கூடவே இன்னொன்றும் எழுதினோம். அம்மா ஜெர்மன் கற்கிறாள் என்பதற்காக வீட்டிலும் அதையே பேச ஆரம்பித்துவிடக் கூடாது. 1983-க்குப் பிறகு யுத்தத்துக்குத் தப்பி வெறுங்கையுடன் அந்நாடு சேர்ந்த இலங்கைத் தமிழர், வாரக் கடைசியில் தமிழ்ப் பள்ளிகள் நடத்தித் தம் மக்களுக்கு எழுத்தறிவித்தார்கள். உத்தியோகத்துடன் போனவர்களுக்கு அது முடியாதா என்ன? வைத்தியரிடம் தாய் பேச ஜெர்மன் வேண்டும். தாயிடம் மகள் மனம்விட்டுப் பேசத் தமிழ் வேண்டும். ஒன்று போனாலும் குடும்பம் ஊமையாகும்.

சென்ற வாரம் மறுகடிதம் வந்தது. தாயார் தனியே வைத்தியர் அறைக்குள் போய், தட்டுத் தடுமாறி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தாராம். வெளியே படம் வரைந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா சொன்னார்?" என்று கேட்டாளாம்.

"ஒன்றும் பயமில்லை என்றார், கண்ணே" என்று தாயார் தமிழில் மொழிபெயர்த்தாராம்.