மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாயில் அடைப்பு: ஸ்டென்ட் வைக்க நிதி திரட்டும் முன் ஜமாஅத் அறிய வேண்டியவை

ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் துண்டை ஏந்தி நிதி திரட்டுவது நமக்குப் பழகிப்போன காட்சி. முன்பெல்லாம் பெரும்பாலும் குமர் காரியத்துக்காக இருக்கும். இப்போது நம் கடம்பத்தூர், திருவள்ளூர் வட்டாரத்தில் மருத்துவச் செலவுக்கான கோரிக்கைகளே அதிகம் வருகின்றன. இதய ரத்தக்குழாய்க்கு ஸ்டென்ட் வைக்க உதவி கேட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். இரண்டு மூன்று ஆண்டுகளாக மூளை ரத்தக்குழாய்க்கும் கழுத்து ரத்தக்குழாய்க்கும் கேட்டு வருகிறார்கள்.

முதலில் வந்தவர் ஒரு மகன். தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்த்த அவருடைய தந்தைக்கு லேசான பக்கவாதம். மூளைக்குள் ஓடும் ஒரு ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இருப்பதாக ஸ்கேன் சொன்னது. ஒரு தனியார் மருத்துவமனையில், இரண்டே நாளில் ஸ்டென்ட் வைக்க வேண்டும், பணத்தைக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பணம் சேரத் தாமதமானதால் அரசு மருத்துவமனை நரம்பியல் பிரிவில் ஒருமுறை காட்டினார்கள். அங்கே மருத்துவர் ஸ்டென்ட் இப்போது வேண்டாம் என்று சொல்லி மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். அல்ஹம்துலில்லாஹ், அவர் இன்றும் நடந்து தொழுகைக்கு வருகிறார்.

இந்தச் செய்தி ஊரில் பரவியது. "ஸ்டென்ட் என்றாலே பணம் பறிக்கும் வேலை" என்று பேச ஆரம்பித்தோம். நாமும் அப்படிப் பேசியவர்களில் ஒருவர்தான் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அடுத்து வந்தவருக்கு ஒளு செய்யும்போது வலது கை திடீரென்று தொங்கிவிட்டது. பேச்சு குழறியது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட, "வாயுப் பிடிப்பு" என்று விட்டுவிட்டார். மகள் வற்புறுத்தி ஸ்கேன் எடுக்க வைத்தார். கழுத்து ரத்தக்குழாயில் கடுமையான அடைப்பு. உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். குடும்பத்தினர் நம்மிடம் ஆலோசனை கேட்டார்கள். முதல் குடும்பத்தின் கதையைச் சொல்லி, "அவசரப்படாதீர்கள், மாத்திரை போதும்" என்றோம். மூன்றாவது வாரம் அவருக்கு முழுப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் இன்னும் திரும்பவில்லை.

இரண்டுமே "அடைப்பு"தான். ஆனால் ஒன்றுக்குச் சொன்ன தீர்ப்பை மற்றொன்றுக்குச் சொன்னது நம் தவறு. அதன் பிறகுதான் இந்தச் சிகிச்சைகளின் பலன் பற்றி உலக அளவில் நடந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தோம். இதை எழுதுவது மருத்துவம் சொல்ல அல்ல. நம்மைப் போல் இன்னொரு ஜமாஅத் தவறாமல் இருக்கத்தான்.

மூளைக்குள் உள்ள அடைப்பு

இதயத்திலிருந்து மூளைக்கு ரத்தம் செல்லும் பாதையில் இரண்டு இடங்களில் கொழுப்புப் படிந்து சுருக்கம் ஏற்படலாம். ஒன்று, கழுத்தின் இருபக்கமும் ஓடும் கரோட்டிட் தமனி. மற்றொன்று, மண்டை ஓட்டுக்குள் சென்ற பிறகு உள்ள மெல்லிய குழாய்கள். வெள்ளையர்களிடம் கழுத்து அடைப்பு அதிகம் காணப்படுகிறது. இந்தியர் உள்ளிட்ட ஆசிய மக்களிடம் மண்டைக்குள் உள்ள அடைப்பு ஒப்பீட்டளவில் அதிகம். எனவே இது நம்முடைய பிரச்சினை.

1977ல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருயென்ட்சிக் என்ற மருத்துவர் இதய ரத்தக்குழாயில் பலூனை விரித்து அடைப்பைத் திறந்து காட்டினார். அதுதான் ஆஞ்சியோபிளாஸ்டி. பின்னர் திறந்த இடம் மூடாமல் இருக்க உலோக வலைக்குழாய் வைக்கும் முறை வந்தது. அதுதான் ஸ்டென்ட். இதயத்தில் பலன் தருவது மூளையிலும் பலன் தரும் என்று எண்ணுவது இயல்பு. 2005ல் விங்ஸ்பேன் என்ற மூளை ஸ்டென்ட்டுக்கு அமெரிக்க அரசு வரையறையுடன் அனுமதி கொடுத்தது.

அது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று பார்க்க அமெரிக்காவில் சாம்ப்ரிஸ் என்ற ஆய்வு நடந்தது. சமீபத்தில் பக்கவாத அறிகுறி வந்து, மூளைக் குழாயில் 70 முதல் 99 சதவீத அடைப்பு உள்ளவர்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரையும் கடுமையான கட்டுப்பாடும் மட்டும். மறு பிரிவுக்கு அவற்றோடு ஸ்டென்ட்டும். 451 பேர் சேர்ந்த நிலையில், 2011 ஏப்ரலில் ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். காரணம், 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ ஏற்பட்டவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 14.7 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 5.8 சதவீதம். மூன்றாண்டு தொடர்ந்து பார்த்தபோதும் மாத்திரைப் பிரிவே முன்னால் நின்றது. 2012ல் அமெரிக்க அரசு அந்த ஸ்டென்ட்டின் பயன்பாட்டை மேலும் சுருக்கியது. வேறு வகை ஸ்டென்ட்டைச் சோதித்து 2015ல் வெளியான விசிட் ஆய்வும் ஸ்டென்ட்டுக்கு எதிராகவே முடிந்தது.

ஏன் இப்படி? மூளைக் குழாயின் சுவர் மெல்லியது. கிழிந்தால் மூளைக்குள் ரத்தம் கசியும். அந்தக் குழாயிலிருந்து முடி போன்ற சிறு கிளைகள் பிரிந்து மூளையின் ஆழப் பகுதிக்குப் போகின்றன. ஸ்டென்ட் விரியும்போது கொழுப்பு ஒதுங்கி அந்தக் கிளைகளின் வாயை அடைத்துவிடலாம். இதயத்தோடு ஒப்பிட முடியாத இடம் அது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சீனாவில் அனுபவமுள்ள மருத்துவர்களை மட்டும் வைத்து, பக்கவாதம் வந்து மூன்று வாரம் கழித்து ஸ்டென்ட் வைத்துப் பார்த்தார்கள். 2022ல் வெளியான இந்தக் காசிஸ் ஆய்வில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்டென்ட் பிரிவில் 8 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 7.2 சதவீதம். அதாவது தீங்கு குறைந்தது, ஆனால் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை.

2024ல் சீனாவிலிருந்தே பேசிஸ் ஆய்வு வந்தது. இதில் ஸ்டென்ட்டைப் பிரதானமாக வைக்காமல், பலூனை மட்டும் மெதுவாக, முழு அளவுக்கு விரிக்காமல் விரித்தார்கள். 501 பேர். ஓராண்டில் பாதிப்பு பலூன் பிரிவில் 4.4 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 13.5 சதவீதம். இத்துறையில் இது நம்பிக்கை தரும் செய்தி. ஆனாலும் முதல் 30 நாளில் பக்கவாதமும் மரணமும் பலூன் பிரிவில்தான் கூடுதல்: 3.2 சதவீதத்துக்கு 1.6 சதவீதம். மீண்டும் அடைப்பைத் திறக்க நேர்ந்ததையும் "பாதிப்பு" கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கழுத்தில் உள்ள அடைப்பு

இங்கே கணக்கே வேறு. அறிகுறி வந்து, கழுத்துக் குழாயில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு உள்ளவர்களுக்கு, குழாயைத் திறந்து கொழுப்பை வழித்தெடுக்கும் அறுவை சிகிச்சை பெரும் பலன் தருவதை 1991லேயே நாசெட் என்ற ஆய்வு நிரூபித்துவிட்டது. இரண்டு ஆண்டில் அந்தப் பக்கத்தில் பக்கவாதம் வந்தவர்கள் மருந்துப் பிரிவில் 26 சதவீதம், அறுவைப் பிரிவில் 9 சதவீதம். முதல் அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் அதிகப் பலன். நம் இரண்டாவது சகோதரருக்கு நாம் சொன்ன "அவசரப்படாதீர்கள்" எவ்வளவு பெரிய தவறு என்பது இதில் விளங்கும்.

அறுவையா, ஸ்டென்ட்டா? 2010ல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில் 2,502 பேர். மொத்தக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் ஸ்டென்ட் வைத்தபோது பக்கவாதம் கூடுதல், அறுவையின்போது மாரடைப்பு கூடுதல். சுமார் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அறுவை நல்லதாகவும், வயது குறைந்தவர்களுக்கு ஸ்டென்ட் ஏற்றதாகவும் தெரிந்தது.

எந்த அறிகுறியும் இல்லாமல், உடல் பரிசோதனையில் தற்செயலாக அடைப்பு தெரிந்தால்? இதற்கான கிரெஸ்ட்-2 முடிவுகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நான்கு ஆண்டில் பாதிப்பு, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 6 சதவீதம். ஸ்டென்ட்டும் வைத்தவர்களில் 2.8 சதவீதம். "பாதியாகக் குறைந்தது" என்று விளம்பரம் வரலாம், அது பொய்யுமல்ல. ஆனால் 100 பேருக்கு ஸ்டென்ட் வைத்தால் பலன் பெறுவது சுமார் 3 பேர். 94 பேருக்கு மாத்திரையிலேயே எதுவும் நேரவில்லை. இதில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தேர்ச்சி சோதித்துச் சேர்க்கப்பட்ட மருத்துவர்கள். இதே ஆய்வின் மறுபகுதியில் அறுவை சிகிச்சைக்கும் மாத்திரைக்கும் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. அறிகுறி இல்லாதவருக்கு, ஆற அமர யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது ஒன்று உண்டு. பக்கவாதம் வந்த அந்த மணி நேரத்தில், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நான்கரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். பெரிய குழாயில் சிக்கிய கட்டியைக் கம்பி வழியாக எடுக்கும் சிகிச்சையின் பலன் 2015 முதல் உறுதியாகிவிட்டது. முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் ஆலோசனைக் கூட்டம் வேண்டாம். 108ஐ அழையுங்கள். ஐந்து நிமிடத்தில் சரியானாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஜமாஅத் செய்ய வேண்டியது

ஒரு குடும்பம் ஸ்கேன் தாளோடு வந்தால் நான்கு கேள்விகளை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அடைப்பு கழுத்திலா, மூளைக்குள்ளா? அதனால் அறிகுறி வந்திருக்கிறதா, வந்தால் எப்போது? மாத்திரை மட்டும் என்றால் என்ன ஆபத்து, ஸ்டென்ட் வைத்தால் முதல் மாதத்தில் என்ன ஆபத்து? இந்தச் சிகிச்சையை இங்கே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? நேர்மையான மருத்துவர் இவற்றுக்குக் கோபப்பட மாட்டார்.

இரண்டாவது கருத்துக் கேட்க நமக்கு வழி எளிது. கடம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கலாம். எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. திருவள்ளூரிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எந்தச் சிகிச்சை அதில் சேரும் என்று விசாரித்த பிறகே துண்டை ஏந்துங்கள். ஜகாத் பணம் அமானிதம்.

எல்லா ஆய்வுகளிலும் பொதுவாக இருந்தது ஒன்று: இரு பிரிவினரும் மாத்திரை எடுத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின், ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புகையை விடுதல், நடைப்பயிற்சி. சாம்ப்ரிஸில் ஸ்டென்ட்டை வென்றது இதுதான். மூன்று லட்சம் திரட்டத் தெரிந்த நாம், மாதாமாதம் மாத்திரை தீராமல் பார்க்கத் தவறுகிறோம். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பெயர் பதிந்தார்களா என்று மஹல்லாவில் வீடு வீடாகக் கேட்கலாம்.

உலமாக்களான நமக்கும் ஒரு பங்கு உண்டு. கருஞ்சீரகத்தின் சிறப்பைச் சொல்லும் நபிமொழியை, மாத்திரையை நிறுத்தச் சொல்லும் கட்டளையாக யாரும் எடுக்கக் கூடாது என்று மிம்பரிலேயே சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் ஹிஜாமா செய்யக் கூடாது. ரமலானில் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். முடியாதென்றால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதில் குறையில்லை. ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

நன்மையைத் தேடுவதற்கு முன் தீங்கைத் தடுப்பதே முதன்மை என்று ஃபிக்ஹில் படித்திருக்கிறோம். தீங்கு சில நேரம் சிகிச்சையில் இருக்கும்; சில நேரம் தாமதத்தில் இருக்கும். எது எங்கே என்று சொல்வது அந்தத் துறை அறிந்தவரின் வேலை. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையைப் போலி வைத்தியர்களுக்கு எதிராகப் பலமுறை பயானில் பேசியிருக்கிறோம். அது நம் ஆலோசனைக்கும் பொருந்தும் என்பதை அந்தச் சகோதரரின் வலது கையைப் பார்க்கும்போதெல்லாம் உணர்கிறோம்.

வல்ல அல்லாஹ் அவருக்கும் நோயுற்ற அனைவருக்கும் ஷிஃபாவைத் தருவானாக. அறியாமல் செய்த பிழையை மன்னிப்பானாக. ஆமீன்.