பட்டுப்புடவையின் சோர்ஸ் கோட் யார் பெட்டியில்?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் எந்தப் பட்டுக்கடைக்குள் நுழைந்தாலும் காதில் விழும் வசனம் ஒன்று உண்டு. "இது எங்க கடை ஸ்பெஷல் டிசைன்மா, வேற எங்கயும் கிடைக்காது." விரித்துக் காட்டுவார்கள். கரையில் ருத்ராட்சம், அதற்கு மேல் கோபுரம், உடலில் மாங்காய் புட்டா. எதிர்க்கடைக்குப் போனால் அதே ருத்ராட்சம், அதே கோபுரம், அதே மாங்காய். அங்கேயும் அது "எங்க கடை ஸ்பெஷல்"தான்!

கோபுரம் எப்போதிலிருந்து ஒரு கடையின் ஸ்பெஷல் ஆனது? யாளி கைலாசநாதர் கோயிலில் சுமார் 1300 வருஷமாக நிற்கிறது. அன்னம், இருதலைப்பட்சி, மயில்கண், குயில்கண், வங்கி, மல்லிமொக்கு, பாலும் பழமும் கட்டம்... இதில் எதையும் ஒரு முதலாளி தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் தூணில் பார்த்ததை நெய்தார், அடுத்த தெருக்காரர் அதில் ஒரு வரி கூட்டினார், அவர் மருமகன் ஒரு வரி குறைத்தார். ஓப்பன் சோர்ஸ் என்ற சொல் 1998-ல்தான் பிறந்தது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் அந்த வேலை அதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது.

லினக்ஸுக்கும் பட்டுத்தறிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். சம்பந்தம் இருக்கிறது, அதுவும் நேரடியாக.

ஜக்கார்டு வருவதற்கு முன்பு காஞ்சிபுரத்தில் இருந்தது 'அடை' முறை. டிசைன் என்பது காகிதத்தில் இல்லை. தறியிலேயே நூலாகக் கட்டப்பட்டிருக்கும். எந்தப் பாவு இழை எப்போது மேலே போக வேண்டும் என்பது அந்தக் கட்டில்தான் பதிவாகியிருக்கும். பிறகு வந்தது ஜக்கார்டு பெட்டி. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஒன்று, பூஜ்யம், அவ்வளவுதான். டிசைன் திரும்ப வருவதற்குள் 600 ஊடை என்றால் 600 அட்டை. அத்தனையையும் வரிசை மாறாமல் கோத்துச் சங்கிலியாகத் தொங்கவிட்டால் அதுதான் புரோகிராம். சும்மா உவமைக்காகச் சொல்வதில்லை. சார்லஸ் பாபேஜ் 19-ம் நூற்றாண்டில் தன் கணக்கிடும் எந்திரத்துக்குத் துளை அட்டை யோசனையை ஜக்கார்டு தறியிலிருந்துதான் எடுத்தார். சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை அவர் வீட்டில் பெருமையாக வைத்திருந்தார். ஆக, கம்ப்யூட்டர் தறியைப் பார்த்துத்தான் படித்தது!

இன்னொரு விஷயம் அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஜோசப் மேரி ஜக்கார்டு 1804 வாக்கில் லியோன் நகரில் அந்த எந்திரத்தை முடித்தார். 1805-ல் நெப்போலியனின் அரசாங்கம் அதைப் பொதுச்சொத்து என்று அறிவித்தது. ஜக்கார்டுக்கு ஓய்வூதியமும், ஓடும் ஒவ்வோர் எந்திரத்துக்கும் ஒரு தொகையும் கொடுத்தது. செய்தவருக்குக் காசு, செய்த பொருள் எல்லோருக்கும். 220 வருஷத்துக்கு முன்னால் புரிந்த கணக்கு இன்றைக்குக் காஞ்சிபுரத்தில் புரியமாட்டேன் என்கிறது.

என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கருவி பொதுவானது. கருவியை ஓட்டும் டிசைன் மட்டும் பூட்டிக் கிடக்கிறது.

தறிக்காரர்களில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், டிசைனும் அவரே கொடுப்பார், புடவைக்கு இவ்வளவு என்று கூலி. நெய்பவருக்கு அந்த மயில்கண் கரை மனப்பாடம்; கண்ணை மூடிக்கொண்டு நெய்வார். ஆனால் அட்டைக்கட்டு அவருடையது அல்ல. முதலாளியை விட்டு வெளியே வந்தால் அட்டையை இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். சொந்தமாக நெய்ய நினைத்தால் கிராஃப் போட ஆள் பிடிக்க வேண்டும், அட்டை குத்தக் காசு கொடுக்க வேண்டும், கோக்கக் காசு கொடுக்க வேண்டும். அவருடைய பாட்டனாருக்குத் தெரிந்திருந்த அதே மயில்கண்ணுக்கு! காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்குத் தெரியும், முதல் புடவை தறியிலிருந்து இறங்கும் முன்பே இப்படி விழும் நிலைச்செலவு சின்ன ஆளைத்தான் நசுக்கும். நூறு தறிக்காரர் நூறு தறியில் பிரித்துவிடுவார். ஒற்றைத் தறிக்காரர் எதில் பிரிப்பார்?

இப்போது அட்டையே வேண்டாம் என்கிறது மின்னணு ஜக்கார்டு. ஒரு கோப்பு, ஒரு பென் டிரைவ், முடிந்தது கதை. டிசைன் போடுவதற்கும் ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வெளிநாட்டு மென்பொருள் வாங்கத் தேவையில்லை. மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் (முன்பு மீடியா லேப் ஏசியா என்று பெயர்) டிஜிபுனாய் என்ற மென்பொருளைத் தயாரித்துத் தந்திருக்கிறது. ஜக்கார்டுக்கும் டாபிக்கும் டிசைன் போடலாம், துணி எப்படி வரும் என்று திரையிலேயே பார்த்துவிடலாம். ஓப்பன் சோர்ஸ்! கைதட்ட வேண்டிய விஷயம்தான். தறிச் சாமான்கள் வாங்க, 2016 டிசம்பரில் ஆரம்பித்த ஹத்கர்கா சம்வர்தன் சஹாயதா என்ற திட்டத்தில் விலையில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்றது. (வாயில் நுழையாத பெயர்தான், தறிக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.)

எல்லாம் சரி. சமையல் பாத்திரம் இலவசம், அடுப்புக்கு மானியம், அரிசி மட்டும் பூட்டிய அறையில்.

கோப்புகள் எங்கே? 2023 ஆகஸ்ட் 7, தேசிய கைத்தறி தினத்தன்று, நிஃப்ட் உருவாக்கிய 'பாரதிய வஸ்த்ர ஏவம் ஷில்ப கோஷ்' என்ற இணையக் களஞ்சியத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். நல்லது. ஆனால் எந்தக் களஞ்சியத்தையும் ஒரே ஒரு கேள்வியால்தான் அளக்க வேண்டும். அதிலிருந்து எடுத்ததைத் தறியில் ஏற்ற முடியுமா? புடவையின் போட்டோ என்பது ஓடி முடிந்த புரோகிராமின் ஸ்கிரீன்ஷாட். அதைப் பார்த்து ஆய்வுக் கட்டுரை எழுதலாம். தறிக்காரருக்குத் தேவை சோர்ஸ், அதாவது கொக்கிக் கணக்கோடு, ஊடைக் கணக்கோடு இருக்கும் கிராஃப்.

உடனே வரும் எதிர்ப்பு என்ன? "திறந்துவிட்டால் சூரத் பவர்லூம்காரன் திருடிவிடுவானே!"

அடப் போங்கய்யா. இப்போது திருடவில்லையா? ஒரு முகூர்த்தத்துக்குக் கட்டிக்கொண்டு போன புடவையை மண்டபத்திலேயே செல்போனில் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் கிராஃப் ஆக்கிவிட முடியும். அவரிடம் மென்பொருள் இருக்கிறது, ஆள் இருக்கிறது, எந்திரம் இருக்கிறது. பூட்டு அவரைத் தடுக்கவே இல்லை. தடுப்பது யாரை? பக்கத்துத் தெருவில் தறி வைத்திருக்கிறாரே, அவரை. திருடனுக்கு ஜன்னல் திறந்திருக்க, வீட்டுக்காரரின் பிள்ளைக்கு வாசலில் பூட்டு!

போலியைத் தடுக்கும் ஆயுதங்கள் வேறு. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது காப்பாற்றுவது பெயரை, ருத்ராட்சத்தை அல்ல. பட்டு அசலா என்று சொல்ல 2004-ல் வந்த சில்க் மார்க், கைத்தறியா என்று சொல்ல 2006-ல் வந்த ஹேண்ட்லூம் மார்க். எல்லாவற்றுக்கும் மேலே 1985-ம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். (அந்தச் சட்டத்தில் கைத்தறிக்கு என்ன விளக்கம் தெரியுமா? விசைத்தறி அல்லாத எந்தத் தறியும். பிரமாதம்!) விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று சொல்லி விற்பவனை இந்தச் சட்டங்களைக் கொண்டு பிடிக்க வேண்டும். அதைச் செய்யச் சோம்பல்பட்டுக்கொண்டு, அட்டையை ஒளித்துவைப்பதில் என்ன பாதுகாப்பு?

"டிசைன் எங்கள் சொத்து" என்பவர்களின் சட்டப் பலமும் அவர்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. 2000-ம் வருஷத்து டிசைன்கள் சட்டத்தில் பதிவுசெய்ய டிசைன் புதியதாக இருக்க வேண்டும், ஏற்கெனவே வெளியானதாக இருக்கக்கூடாது. பதிவானாலும் 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 5. பதிவு செய்யாமல் காப்பிரைட்டில் ஒதுங்கலாமா என்றால், பதிவு செய்யக்கூடிய டிசைனைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பிரதி எடுத்ததும் காப்பிரைட் போய்விடும் என்கிறது காப்பிரைட் சட்டத்தின் 15-வது பிரிவு. துணி டிசைன்கள் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அந்தப் பிரிவை வைத்துத்தான் தீர்ப்புச் சொன்னது. ஆகவே பாட்டன் காலத்து மாங்காய் எந்த முதலாளியின் பாலன்ஸ் ஷீட்டிலும் சொத்தாக ஏற முடியாது. குட்வில் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளட்டும்.

எதிர்த்தரப்பில் நியாயமான குரல் ஒன்றும் உண்டு, அதை விழுங்கிவிடக்கூடாது. கிராஃப் போடுபவர். ஒரு புதுக் கரையை யோசித்து, கட்டம் கட்டமாக நிரப்பி, தறியில் ஏற்றிச் சரிபார்க்கும் கலைஞர். எல்லாம் இலவசம் என்றால் அவர் சாப்பிடுவது எப்படி? அவர் புதிதாகப் போட்ட டிசைன் அவருடையதுதான். பதிவு செய்யட்டும், விலை சொல்லட்டும். திறக்கச் சொல்வது பழைய பொதுச்சொத்தை. உண்மையைச் சொன்னால், இன்றைய பூட்டிய முறையிலும் அவருக்குப் பெயர் இல்லை. லினக்ஸின் அந்தப் பென்குவின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் லாரி யூயிங் கிம்ப் மென்பொருளில் வரைந்தது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், யாராவது கேட்டால் வரைந்தவர் பெயரையும் கிம்ப்பையும் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டார். இன்றைக்கும் அவர் பெயர் தெரிகிறது. பல லட்சத்துக்கு விற்கும் ஒரு கல்யாணப் புடவையின் முந்தானையைப் போட்டது யார் என்று கடையில் கேட்டுப் பாருங்கள். "எங்க டிசைனர் டீம்" என்பார்கள்.

ஜி.பி.எல். மாதிரி ஒரு நிபந்தனையும் போடலாம். பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்து மாற்றினால், மாற்றியதையும் அதே களஞ்சியத்துக்குத் திருப்பிக் கொடு, யார் மாற்றினார் என்ற பெயரோடு. பிள்ளையார்பாளையத்தில் கூட்டிய ஒரு வரி, அய்யம்பேட்டையில் இருப்பவருக்குப் போய்ச் சேரும். முன்பு திண்ணையில் நடந்த அதே விஷயம்தான், இப்போது கோப்பாக நடக்கும்.

இதற்குப் புது ஆணையமோ, குத்துவிளக்கோ தேவையில்லை. காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. முருகன், காமாட்சியம்மன், அறிஞர் அண்ணா என்று பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அவை உறுப்பினர்களான நெசவாளர்களுடையவை, அவற்றின் டிசைன்களும் அவர்களுடையவையே. துளை அட்டையைக் கோப்பாக்குவது ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. சாதாரண ஸ்கேனரில் வைத்தால் ஓட்டை எது, அட்டை எது என்று கம்ப்யூட்டர் படித்துவிடும். ஓர் அட்டை, ஒரு வரி. கல்லூரியில் புராஜெக்ட் தேடி அலையும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பையன்கள் ஒரு செமஸ்டரில் முடித்துவிடுவார்கள். தறி மின்னணுவாக மாறும் ஒவ்வொரு வீட்டிலும் பழைய அட்டைக்கட்டுகள் பரணுக்குப் போகின்றன, பரணிலிருந்து பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகின்றன. கிலோ கணக்கில்.