ராத்திரி வலை

பொம்மையார்பாளையத்தில் காலை ஆறரைக்கு மீன் வாங்கப் போனால், கூடைக்கார அம்மா கேட்காமலே சொல்லிவிடுவார்: ''தம்பி, இது ராத்திரி வலையில வந்தது. அது ஐஸ்ல கெடந்தது. பாத்து வாங்கிக்க!''

என்றைக்கு வந்தது, என்ன நிலைமை... இரண்டும் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர்காரர்களுக்கு மட்டும் இந்தத் தெளிவு ஏன் வரமாட்டேன் என்கிறது?

திண்டிவனத்தில் வேலை பார்க்கும் என் நண்பர், செல்போனில் வீட்டுக் கணக்கு எழுத இலவச ஆப் ஒன்று வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய 'ஓப்பன் சோர்ஸ்' ரகம். ஒருநாள் 'லேட்டஸ்ட்' என்று பெயர் போட்ட ஃபைல் கண்ணில் பட்டது. பழசின் மேலேயே ஏற்றினார். மறுநாள், எட்டு மாதக் கணக்கு காலி! தங்கச்சி கல்யாணத்துக்கு யாரிடம் எவ்வளவு கைமாற்று என்பது உள்பட. கொடுத்தவர்கள் மட்டும் மறக்கவில்லை.

அவர் ஏற்றியது 'நைட்லி பில்ட்'. பகலில் புரோகிராமர்கள் செய்த திருத்தங்களை, ராத்திரி ஒரு மெஷின் தானாகவே கோத்துக் கட்டிவைக்கும் பொட்டலம். மனுஷன் யாரும் ருசி பார்த்திருக்க மாட்டான். பரிசோதிப்பவர்களுக்கான சரக்கு. நேற்றைய பொட்டலம் ஓடி, இன்றையது படுத்துவிட்டால், தப்பு இந்த ஒரு நாளில்தான் புகுந்தது என்று பிடித்துவிடலாம். அதற்குப் பெயரில் தேதி வேண்டாமா? எல்லாமே 'லேட்டஸ்ட்' என்றால் எதை எதோடு ஒப்பிடுவது?

ஃபயர்ஃபாக்ஸ் தயாரிக்கும் மொசில்லா, தன் ராத்திரிச் சரக்குக்கு முன்பு வைத்திருந்த பெயர் 'மைன்ஃபீல்ட்'. கண்ணிவெடி புதைத்த நிலம்! கால் வைப்பீர்களா? 2011-ல் அதை 'நைட்லி' ஆக்கினார்கள். தனி ஐகான், பழசை அழிக்காமல் பக்கத்திலேயே உட்காரும். ஆனால் வெர்ஷன் நம்பரின் வாலில் 'ஏ1' என்றிருக்கும். நம்மூரில் ஏ1 என்றால் முதல் தரம். அங்கே அது 'ஆல்ஃபா', அதாவது அரைவேக்காடு!

ஆப் எழுதும் தம்பிகளுக்கு ஒரு விண்ணப்பம். முதலில் ஆப்பின் பெயர், அப்புறம் 'நைட்லி', அப்புறம் தேதி. வருஷம் முன்னால், பிறகு மாதம், நாள். அப்போதுதான் ஃபைல்கள் வரிசையாக நிற்கும். வெறும் 03-04 என்றால் நமக்கு ஏப்ரல், அமெரிக்கனுக்கு மார்ச். கடைசியில் 'சோதனைக்கு மட்டும்'.

சிரிக்காதீர்கள்... உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ரியல் ஃபைனல்' எத்தனை கிடக்கிறது?

நண்பர் இப்போதெல்லாம் எந்த ஆப்பைப் பார்த்தாலும் முதலில் கேட்பது: ''ராத்திரி வலையா, ஐஸா?''

குழம்புக்கு ராத்திரி வலை. கணக்குக்கு ஐஸ்தான் நல்லது.