வண்டிவீடும் வாயில்லாச் சீவனும்

வீடென்பது ஓரிடத்து நிற்பது, வண்டியென்பது ஓடுவது. இவ்விரண்டினையும் ஒன்றாக்கி, படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கழிவறை யாவும் உள்ளடங்கச் செய்த ஊர்தியை அமெரிக்க ஐக்கிய நாட்டார் ஆர்.வி. என்னும் இரண்டெழுத்தால் வழங்குவர். வண்டிவீடு என்று நாம் சொல்லிக்கொள்வோம். விடுமுறைக்கு மட்டும் அதிற் செல்வோர் பலர். சொந்த வீட்டை விற்றோ வாடகை வீட்டை ஒழித்தோ, ஆண்டு முழுவதும் அதிலேயே வாழ்வோரும் அந்நாட்டில் உளர். அவருட் பலர் நாயையோ பூனையையோ உடன் கொண்டு செல்கின்றனர். இவ்வாழ்க்கையைப் புதிதாய்த் தொடங்குவார்க்கு வண்டியின் நீளம், விலை, எண்ணெய்ச் செலவு ஆகியவற்றைப் பற்றிய புத்திமதிக்குக் குறைவில்லை. உடன் வரும் சீவனுடைய சம்மதத்தை யார் கேட்டனர் என்பதே என் வினா.

ஜான் ஸ்டைன்பெக் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1962-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டிராவல்ஸ் வித் சார்லி' என்ற நூலைப் படித்தபொழுதே இவ்வினா என்னுள் எழுந்தது. தமிழ் ஹானர்ஸ் மாணவனுக்கு இந்நூலில் என்ன வேலை என்று விடுதித் தோழர் நகைத்தனர், நகைக்கட்டும். ஆசிரியர் 1960-ஆம் ஆண்டில், முதுகில் சிற்றறை பொருத்திய ஒரு லாரியில், சார்லி என்னும் தம் கிழநாயுடன் சுமார் 10,000 மைல் சுற்றினார். நாய்க்கு வழியில் நீர்த்தாரை நோய் கண்டது. முதலிற் பார்த்த வைத்தியர் மனத்துக்கு ஒப்பவில்லை. டெக்ஸாஸ் மாநிலத்து அமரில்லோ நகரிலேதான் நல்ல வைத்தியர் வாய்த்தார். இத்துணைக்கும் அவர் சில மாதப் பிரயாணியே. திரும்பிச் சேர அவருக்கு வீடு இருந்தது. வீட்டை விற்றுப் புறப்படுவார்க்கோ அவ்வசதியில்லை.

மகாபாரத முடிவில் தருமபுத்திரனைப் பின்தொடர்ந்த நாயையும், தோபித்து ஆகமத்தில் தொபியாவுடன் வழிநடந்த நாயையும் அன்பர் சிலர் எனக்கு எடுத்துக்காட்டக் கூடும். அவ்விரு நாய்களும் தம் காலால் நடந்தவை. வேண்டாமென்று தோன்றியிருந்தால் வழியிலேயே நின்றிருக்கலாம். ஒன்றையேனும் உள்ளே ஏற்றிக் கதவடைத்தார் இலர்.

கதவடைத்தல் என்ற இடத்திலேதான் முதன்மையான ஆபத்து இருக்கின்றது. அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களைக் காண்பதற்கென்றே பலர் இவ்வாழ்க்கையை மேற்கொள்கின்றனர். ஆனால் யெல்லோஸ்டோன் போன்ற பூங்காக்களில் நாய், பூனை முதலியவற்றை நடைபாதைகளில் அழைத்துச் செல்லலாகாது. சாலைக்கும் கூடாரத் துறைக்கும் அருகில் மட்டும், ஆறடிக்கு மேற்படாத வாரிற் பிணித்து நடத்தலாம். எனவே தலைவன் நீரூற்றுகளைக் காணச் செல்ல, நாய் வண்டியிற் கிடக்கும். வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டிகளின் உட்புறத்தை அளந்து 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, வெளியே 22 டிகிரி செல்சியஸ் என்னும் இதமான வெப்பம் இருக்கும்பொழுதே ஒரு மணி நேரத்தில் உள்ளே 47 டிகிரி வரை ஏறக்கூடும் என்று காட்டுகின்றது. அவ்வேற்றத்திற் பெரும்பகுதி முதல் அரைமணியிலேயே நிகழ்ந்துவிடுகின்றது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தலாற் பெரும்பயனில்லை. நாய்க்கோ நம்மைப்போல் உடலெங்கும் வேர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தே அது தன் சூட்டைத் தணிக்க வேண்டும். சூழ்ந்த காற்றே கொதிக்குமாயின் இளைத்து என்ன பயன்?

வண்டிவீட்டிற் குளிர்சாதனம் உண்டே என்பர். உண்டு, அது தங்குதுறையின் மின்கம்பத்தையோ வண்டியின் மின்னாக்கியையோ நம்பியிருப்பது. மின்சாரம் அற்றால் அதுவும் நிற்கும். உள்வெப்பம் ஏறினால் தலைவனுடைய தொலைபேசிக்குச் செய்தி விடுக்கும் கருவியும் விற்கின்றனர். மலையிடுக்கில் நடப்பவனுடைய தொலைபேசிக்கு அலை எட்டாவிடின் அக்கருவி கூவியும் கேட்பாரில்லை. ஆகையால், நாயை விட்டுச் செல்ல நேரும் நாளில் தலைவனும் செல்லாதிருத்தலே முறையென்பது என் துணிபு. இது கடுமையான கட்டளை என்பதை அறிவேன். காணவந்த காட்சியிற் பாதியை இழக்கச் சம்மதியாதவன் நாயை ஏற்றலாகாது.

நோயும் நிலத்துக்கு நிலம் வேறுபடும். தென்கிழக்கு மாநிலங்களிற் கொசுவினால் இதயப்புழு பற்றும். அரிசோனாப் பாலையின் புழுதியிலுள்ள காளான்வித்து நுரையீரலிற் புகும். வடகிழக்கில் உண்ணிகள் லைம் நோயைத் தரும். ஓரூரிலேயே வாழும் நாய் அவ்வூர் நோயை மட்டும் அஞ்சினாற் போதும். ஊர்தோறும் வைத்தியர் மாறுவதால், நோய்க்குறிப்பும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும் எப்பொழுதும் கையில் இருத்தல் வேண்டும். 2024 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து, கனடா சென்று மீளும் நாய்க்கும் ஆறு மாத வயதும், தோலின்கீழ் அடையாளச் சில்லும், முன்கூட்டி நிரப்பிய படிவமும் தேவை. அச்சில்லின் பதிவில் விற்றுவிட்ட வீட்டின் முகவரியே நிற்குமாயின், காணாமற்போன நாயைக் கண்டெடுத்தவர் யாருக்குத் தெரிவிப்பார்?

பூனையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அது ஆளைக்காட்டிலும் இடத்தைப் பற்றி வாழும் என்பதை வீட்டிற் பூனை வளர்த்தோர் எவரும் அறிவர். சில வண்டிகளில், நின்றபின் சுவரொன்று வெளியே நகர்ந்து அறையை அகலமாக்கும். அச்சுவர் உள்வாங்கும்பொழுது அதன் இயந்திரத்தின் இடுக்கில் ஒளிந்திருக்கும் பூனை நசுங்கிப்போம். விசையைத் தொடுமுன் பூனையைக் கண்ணாற் காணவேண்டும். அங்கேதான் எங்கோ இருக்கும் என்ற எண்ணம் போதாது.

இவ்வாறெல்லாம் எழுதிவந்தபொழுது ஓரெண்ணம் என் எழுதுகோலைத் தடுத்தது. எல்லாரும் இன்பம் நாடியே வண்டியேறினார் அல்லர். 2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வீடிழந்து முதுமையில் வண்டியே கதியானோரை ஜெசிக்கா புரூடர் என்னும் பத்திரிகையாளர் 2017-இல் வெளியிட்ட 'நோமேட்லாந்து' என்ற நூல் காட்டுகின்றது. அத்தகையார் ஒருவருக்கு எஞ்சிய உறவு ஒரு நாயே என்றால், அதனை விட்டுச் செல் என்று விடுதியில் மூன்று வேளையும் உண்டுறங்கும் பத்தொன்பது வயதினன் எவ்வாறு கூறுவது? கூறமாட்டேன். அவர் வெயிலில் நாயும் அவரும் ஒன்றாகவே இருப்பர். என் வாதம் தேர்ந்தெடுக்கும் வசதியுடையாரை நோக்கியதே.

அவர் வீட்டை உடனே விற்றல் வேண்டா; ஆறு மாதம் வாடகைக்கு விடுக. வண்டியை முதலில் வாயிலிலேயே நிறுத்தி, சீவனுக்கு உணவை அதனுள் இடுக. பின்பு இயந்திரத்தை ஓட்டிக் காட்டுக. பின்பு ஓரிரவு, பின்பு ஒரு திங்கள் வெளியே தங்கிப் பார்க்க. உண்ண மறுத்தல், நடுங்குதல், ஓயாது வாய்நீர் ஒழுக்குதல் ஆகியவை நாள் கடந்தும் நீங்காவெனின், அதுவே அச்சீவனின் விடை.

ஸ்டைன்பெக் யெல்லோஸ்டோனுட் புகுந்த அன்று, கரடிகளைக் கண்ட சார்லி வெறிகொண்டு குரைத்து வண்டிக்குள் அலைமோதிற்று. உலகம் புகழும் அப்பூங்காவிற் சிறிது தொலைவே சென்றிருந்த ஆசிரியர், மேற்செல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வெளியேறினார்.