கொழுப்பா, கறியா?

தைபேயில் குவா பாவ் விற்கும் கடைக்குப் போனால் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: கொழுப்பு எவ்வளவு வேண்டும்? கறி மட்டும், கறி தூக்கலாக, பாதிக்குப் பாதி, கொழுப்பு தூக்கலாக, கொழுப்பு மட்டும். இதில் ஒன்றைச் சொன்னால் போதும், மற்றதைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். சாப்பிட வந்தவரின் நாக்கை இவ்வளவு நேராக மதிக்கும் கேள்வியை நட்சத்திர ஓட்டல்களில்கூட நான் அதிகம் கேட்டதில்லை.

குவா பாவ் என்பது தைவானின் ஆவியில் வெந்த பன். மைதாவில் ஈஸ்ட்டும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, நீள்வட்டமாகத் தேய்த்து, மேலே எண்ணெய் தடவி இரண்டாக மடிப்பார்கள். உப்பவிட்டு ஆவியில் வைத்தால் எண்ணெய் தடவிய பக்கம் ஒட்டாமல் நிற்கும். கையில் எடுத்தால் வாயைத் திறந்துகொள்ளும். அந்த வாய்க்குள் போவது தோலோடு வெந்த பன்றியின் வயிற்றுக்கறி. சோயா சாஸ், அரிசி மது, கற்கண்டு, அன்னாசிப்பூ எல்லாம் சேர்ந்த குழம்பில் அது மணிக்கணக்கில் சிறுதீயில் கிடந்திருக்கும்.

தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கோங்குவான் பகுதியில் லான் ஜியா என்ற கடை இருக்கிறது. குறைந்த செலவில் நல்ல சாப்பாடு தரும் இடங்களுக்காக மிஷலின் கையேடு வெளியிடும் பிப் குர்மான் பட்டியலில் இடம்பெற்ற கடை அது. அதற்காக அலங்காரம் எதையும் எதிர்பார்த்துப் போக வேண்டாம். சின்ன மேசைகள், நெருக்கமான இருக்கைகள், புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடும் மாணவர்கள். இடம் இல்லையென்றால் முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. டிப்ஸ் வைக்கும் வழக்கமும் இல்லை.

இப்படிப்பட்ட கடையில் உட்காருவதற்கு முன்னால் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டியது பன்னை நிரப்பும் கையைத்தான். பாத்திரத்தின் மூடி திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கும். இடது உள்ளங்கையில் பன். வலது கை குழம்பிலிருந்து கறியை எடுத்து உள்ளே வைக்கும். அதன்மேல் பொடியாக நறுக்கி வதக்கிய கடுகுக்கீரை ஊறுகாய். அடுத்தது சர்க்கரை கலந்த வறுத்த நிலக்கடலைப் பொடி, தாராளமாக. கடைசியில் ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை. மெல்லிய பிளாஸ்டிக் பையில் நுழைத்து நீட்டிவிட்டு அந்தக் கை அடுத்த பன்னுக்குப் போய்விடும். நான் பாதிக்குப் பாதிதான் கேட்பேன். முதல் கடியில் தெரிவது இனிப்பு. கடலைப்பொடி குழம்பை உறிஞ்சிக்கொண்டு கடலை மிட்டாயின் வாசனையோடு வரும். பிறகு கொழுப்பு உருகும். அது திகட்டப் போகிறது என்ற இடத்தில் ஊறுகாயின் புளிப்பு வந்து வாயைத் துடைத்துவிடும். கொத்தமல்லி வாசனை கடைசிவரை நிற்கும். இந்த நான்கில் எதை எடுத்துவிட்டாலும் மிச்சம் இருப்பது வெறும் கறி பன்.

கூடவே ஒரு கிண்ணம் சூப் சொல்வது அங்கே வழக்கம். தாமரை விதை, சீன வள்ளிக்கிழங்கு, ஃபூலிங் என்ற மூலிகை, ஜோப்ஸ் டியர்ஸ் என்ற தானியம் ஆகியவற்றோடு பன்றிக்குடல் சேர்த்துக் காய்ச்சிய சூப். வெண்மையாக, உப்புக் குறைவாக, வயிற்றுக்கு இதமாக இருக்கும்.

குவா பாவ் தைவானுக்கு வந்தது எதிரே உள்ள சீனக் கடற்கரையான ஃபூஜியனிலிருந்து. தைவான் அடிப்படையில் சோற்று நாடு, மாவு உணவு அங்கே பெருகியது பின்னால்தான். 1949ல் உள்நாட்டுப் போரில் தோற்ற தேசியவாத அரசோடு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சீனப் பெருநிலத்திலிருந்து அங்கே வந்தார்கள். கோதுமை உணவுப் பழக்கம் அவர்களில் பலரோடு வந்தது. 1951 முதல் 1965 வரை வந்த அமெரிக்க உதவியில் கோதுமையும் இருந்தது. அரசும் மாவு உணவைச் சாப்பிடும்படி மக்களை ஊக்குவித்தது. இன்று தைபேயில் தெருவுக்குத் தெரு ஆவியும் மாவுமாக இருப்பதற்கு அந்த ஆண்டுகள் ஒரு பெரிய காரணம்.

குவா பாவுக்கு என்று ஒரு நாளும் உண்டு. சந்திர நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதம் 16ஆம் நாள், வெய்யா. வியாபாரிகள் நிலதேவனுக்குப் படையல் வைத்து, ஆண்டெல்லாம் உழைத்த வேலையாட்களுக்கு விருந்து போடும் நாள் அது. பணம் நிறைந்த பர்ஸ் போல இருப்பதால் அன்று குவா பாவ் சாப்பிட்டால் செல்வம் சேரும் என்பது நம்பிக்கை. அந்த விருந்தில் கோழியின் தலை யாரைப் பார்த்து வைக்கப்படுகிறதோ அவருக்கு வேலை போய்விட்டது என்று பொருள் கொள்ளும் வழக்கமும் முன்பு இருந்தது. இன்று பெரிய நிறுவனங்கள் வெய்யாவை ஓட்டல்களில் பாட்டும் பரிசுக் குலுக்கலுமாக நடத்துகின்றன. என்றாலும் முதலாளி தொழிலாளிக்கு நன்றி சொல்லும் சாப்பாடு என்ற மரியாதை இந்தப் பன்னுக்கு இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வெளிநாடுகளிலும் குவா பாவ் இன்று புகழ்பெற்றிருக்கிறது. நியூயார்க்கில் டேவிட் சாங் 2004ல் தொடங்கிய மோமோஃபுகு நூடுல் பாரில் இதே வடிவப் பன்னில் வயிற்றுக்கறி வைத்துக் கொடுத்துப் பேர் வாங்கினார். ஆனால் அவர் சேர்த்தது ஹோய்சின் சாஸும் வெள்ளரிக்காயும் வெங்காயத்தாளும். அதன் வேர் பீக்கிங் வாத்தில் இருக்கிறது. லண்டன் சோஹோவில் 2015ல் திறந்த பாவ் உணவகம் கடலைப்பொடியைக் கைவிடவில்லை, பொரித்த பன்னில் ஹார்லிக்ஸ் ஐஸ்கிரீம் வைத்து ஒரு இனிப்பும் செய்தது. சிங்கப்பூர் வாசகர்களுக்கு இதன் உறவுப் பண்டம் ஒன்று பழக்கமானது: ஹொக்கியன் விருந்துகளில் வரும் கோங் பாக் பாவ். அங்கே கறியும் பன்னும் தனித்தனியாக வரும், நாமே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கடலைப்பொடி பொதுவாக இருக்காது.

பெரிய உணவகங்களில் குவா பாவ் சாப்பிடும்போது ஒன்று புரிந்தது. ஆவியில் வெந்த மாவுக்கு ஆயுசு குறைவு. ஆறத் தொடங்கியதும் மேல்தோல் காய்கிறது, உள்ளே மாவுச்சத்து இறுகிக் கடிக்க ரப்பராகிறது. மறுபடி ஆவி காட்டினால் இளகும், ஆனால் முதல் ஆவியின் மென்மை வராது. அதனால் இந்தப் பன் நன்றாக இருக்க வேண்டுமென்றால் பாத்திரத்திலிருந்து எடுத்த வேகத்தில் விற்க வேண்டும். அப்படி விற்க, கூட்டம் வேண்டும். கூட்டம் வர, விலை மாணவன் கைக்கு எட்ட வேண்டும். ஐம்பது பண்டங்களில் ஒன்றாக இதைப் போடும் உணவகத்தில் பன் உறைபெட்டியிலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம். பன்னும் சூப்பும் தவிர அதிகம் வைக்காத கடையில்தான் குழம்புச் சட்டி நாள் முழுக்கக் கொதிக்கும், பன் காத்திருக்காது. தரமும் மலிவும் ஒன்றுக்கொன்று எதிரி என்று சொல்பவர்களுக்கு இந்தக் கடைகளைத்தான் காட்டுவேன்.

பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பௌத்த மரபு வலுவாக உள்ள தைவானில் சைவ உணவகங்கள் ஏராளம், பழைய முறைக் கடைகளில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. காளானோ சோயாப் பண்டமோ வைத்த குவா பாவும் கிடைக்கிறது. சாதாரணக் கடையில் கறியை மட்டும் எடுத்துவிடச் சொல்லிச் சாப்பிடுவது சரிவராது, சில இடங்களில் மாவிலேயே பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். சைவப் பலகை உள்ள கடையாகப் பார்த்துப் போவதே நல்லது.

எந்த ஊரில் சாப்பிட்டாலும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: கடலைப்பொடி உண்டா, கடுகுக்கீரை ஊறுகாய் உண்டா, கொழுப்பு எவ்வளவு என்று நான் சொல்லலாமா? மூன்றுக்கும் ஆமென்றால் உட்காருங்கள். அங்கேயே, சூடு ஆறுமுன் சாப்பிடுங்கள். பார்சல் மட்டும் வாங்காதீர்கள்.