கிட்டங்கியில் வந்த விருந்தாளி

சென்ற வாரம் ஒரு தானிய மண்டிக்குச் சென்றிருந்தோம். முதலாளியின் முகத்தில் வழக்கமான மலர்ச்சி இல்லை. அரிசி மூட்டைகளில் கூன்வண்டு கண்டுவிட்டதாம். "நேற்றுவரை ஒன்றுமில்லை, ஸார்! ஒரே இரவில் எங்கிருந்தோ வந்துவிட்டது!" என்று அங்கலாய்த்தார்.

கூன்வண்டு அப்படி ஒரே இரவில் வருவதன்று. தாய்வண்டு தன் நீண்ட மூக்கினால் அரிசிமணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துவாரத்தைப் பசைபோன்ற ஒரு பொருளால் அடைத்தும் விடுகிறது. புழு உள்ளேயே இருந்து தின்று வளர்ந்து, நமது தேசத்து உஷ்ணத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தே வண்டாக வெளிப்படுகிறது. ஆகவே முதலாளி கண்ட விருந்தாளி, போன மாதமே வாடகையின்றிக் குடியேறியவர்!

கிட்டங்கியைச் சுற்றிப் பார்த்தோம். மூட்டைகள் வெறுந்தரையில், சுவரோடு சுவராக அடுக்கப்பட்டிருந்தன. மூலையில் சென்ற வருஷத்துப் பழங்கோணிகள். சிந்திய தானியத்தைப் பெருக்குவாரில்லை. கதவின் அடியிலோ விரல் நுழையும் சந்து. சுண்டெலிக்கு அதில் பாதியே போதும். 1896-ல் பம்பாயில் பிளேக் முதலில் தலைகாட்டியது, துறைமுகத்தை அடுத்துத் தானியக் கிட்டங்கிகள் நிறைந்திருந்த மாண்டவிப் பகுதியில்தான் என்பது நம் நினைவுக்கு வந்தது. எலியின்மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே அந்நோயைப் பரப்புகிறதென்று 1898-ல் கராச்சியில் ஸைமண்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் கண்டு சொன்னார்.

முதலாளியோ வேறு யோசனையில் இருந்தார். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை எப்படியாவது வாங்கி, அன்றிரவே தாமே வைத்துக் கதவை மூடிவிடுவதாக உத்தேசம். அடுத்த அறையில் காவற்காரன் மனைவி மக்களுடன் படுத்துறங்குகிறான்! அம்மாத்திரை காற்றிலுள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவைக் கக்கும். வண்டென்றும் குழந்தையென்றும் அதற்குப் பேதம் தெரியாது. பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்களைத் தவிர வேறெவரும் அதைத் தொடலாகாதென்று நாம் சற்றுக் கடுமையாகவே சொன்னோம்.

"பின்னே என்னதான் செய்வது?" என்றார்.

இம்முறை அத்தகையவர்களையே அழைக்க வேண்டியதுதான். ஆனால் அடுத்த சரக்கு வருமுன் செய்யவேண்டியவை மிகச் சாதாரணமானவை: மூட்டைக்கு அடியில் மரச்சட்டம், சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே ஆள் நுழைந்து பெருக்க இரண்டடி இடம், நூற்றுக்கு 14 பங்குக்குமேல் ஈரமுள்ள அரிசியை வாங்காமை, முதலில் வந்தது முதலில் வெளியேறுதல், கதவடியில் தகரம். வாரம் ஒருமுறை ஒரு பிடி அரிசியைச் சல்லடையிலிட்டுப் பார்ப்பதற்குக் காலணாச் செலவுமில்லை.

முதலாளி மரச்சட்டத்தின் விலையைக் கேட்டுப் பெருமூச்செறிந்தார். நாம் விடைபெற்றபோது காவற்காரன் பழங்கோணிகளை வெயிலில் உதறிக்கொண்டிருந்தான். அவன் குடும்பத்தை, புகைமூட்டம் முடியும்வரை, தம் வீட்டிலேயே தங்கவைப்பதாக முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார்.