அந்தியூர் டு பீளமேடு... வழி: மாடி ரூம்!

போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரை இந்தப் பக்கத்துல ஆராய்ச்சி பண்ணப்போய், விஷயம் வார்டன் காது வரைக்கும் போயிடுச்சு. அதனால இந்த வாரம் சேஃப்டியா 30,000 அடி உயரத்துக்குப் போயிடலாம்னு முடிவு!

நான் போயிங் 737 ஓட்டுவேன். நம்புங்க பாஸ். வாரத்துக்கு ரெண்டு தடவை, சென்னையில கிளம்பி கோயம்புத்தூர் பீளமேட்டுல இறக்குவேன். இதுவரைக்கும் நிஜ விமானத்துல ஒரு தடவைகூட ஏறினதில்லைங்கிறது வேற விஷயம். அந்தியூர்ல எங்க வீட்டு மாடி ரூம்தான் காக்பிட். செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர், ஒரு ஜாய்ஸ்டிக், சத்தம் போடுற டேபிள் ஃபேன். பயணிகள்: ஜன்னல்ல ரெண்டு பல்லி.

ஃப்ளைட் சிமுலேட்டர்னா "அட, கேம்தானே!"ன்னு கேட்பீங்க. 1982-ல மைக்ரோசாஃப்ட் முதல் ஃப்ளைட் சிமுலேட்டரை வெளியிட்டப்போ விண்டோஸே பிறக்கலை. 2020-ல வந்த பதிப்பு, சாட்டிலைட், விமானப் படங்களை வைத்து மொத்த பூமியையும் காட்டுது. எங்க ஊர் பெரிய ஏரி அப்படியே தெரியும். பர்கூர் மலை தெரியும். குருநாதசுவாமி கோயிலைத் தேடினா மட்டும் ஏதோ அபார்ட்மென்ட் மாதிரி ஒரு கட்டடம் நிற்குது. (ஆடித் தேர்த்திருவிழாவுக்கு வர்ற குதிரைச் சந்தையையும் சேர்க்கச் சொல்லி யாராவது மெயில் போடுங்கப்பா!)

ஆனா நான் பேச வந்தது அதுக்கும் அடுத்த லெவல். சிமுலேட்டரோட வர்ற விமானங்கள் பல, வாடகை சைக்கிள் மாதிரி. ஏறினா போகும், அவ்வளவுதான். 'ஆட்-ஆன்' அப்படியில்லை. ஒரே ஒரு விமானத்தை எடுத்து, வருஷக்கணக்குல உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்விட்சும் நிஜத்துல என்ன செய்யுமோ அதையே செய்ய வைக்குற தனி கம்பெனிகள் இருக்கு. பிஎம்டிஜி-யின் 737, ஃபீனிக்ஸின் ஏ320 ரெண்டும் 2022-ல புது சிமுலேட்டருக்கு வந்தப்போ இந்தப் பைத்தியங்கள் உலகத்துல தீபாவளிதான். (அதுல நானும் ஒரு பைத்தியம்.)

இதுல விமானம் 'கோல்ட் அண்ட் டார்க்' நிலையில நிற்கும். ஒரு விளக்குகூட எரியாது. முதல்ல பேட்டரி. அப்புறம் வாலுக்குள்ள இருக்கிற ஏபியு-ங்கிற குட்டி இன்ஜின். அது ஓடினாத்தான் கரன்ட், அது தர்ற அழுத்தக் காத்துலதான் பெரிய இன்ஜின் சுத்தும். சுத்தினதும் எரிபொருளைத் திறந்துவிட முடியாது. உள்சுற்று வேகம் 25 சதவீதத்துக்கு வரணும். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு மீட்டரைப் பார்க்கணும். அவசரப்பட்டா இன்ஜின் சூடு எகிறும். முதல் வாரம் நான் எரிச்ச இன்ஜின்களோட விலையைக் கணக்குப் போட்டா அந்தியூர் தாலுகாவையே வித்தாலும் கட்டாது!

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஐஆர்எஸ். ரெண்டு ஸ்விட்சைத் திருப்பிட்டு விமானத்தை அசைக்காம வைக்கணும். உள்ள இருக்கிற கருவி, பூமி சுத்துறதை உணர்ந்து வடக்கு எதுன்னு தானே கண்டுபிடிக்கும். பூமி சுத்துதுன்னு நாலாம் வகுப்புல படிச்சேன். ஆனா அதை ஒரு பெட்டி உட்கார்ந்த இடத்துலயே உணருதுங்கிறப்போதான் உடம்பு சிலிர்த்துச்சு. அதுக்கு சில நிமிஷம் ஆகும். 'சீக்கிரம் முடி'ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. நான் தொடுறதில்லை. அந்த நேரத்துல கீழே போய் டீ குடிச்சிட்டு வருவேன்.

நான் ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம். ஒருநாள் 737-ன் மேல் பேனல்ல மீட்டரைத் திருப்பினேன். 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ்னு காட்டுச்சு. ஆட்-ஆன் செஞ்சவங்க தப்புப் பண்ணிட்டாங்கன்னு முதல்ல சந்தோஷம். நம்ம வீட்டுல 50 ஹெர்ட்ஸ்தானே? தேடிப் பார்த்தா, நிஜ விமானமே 400-தான்! ஏன்னு யோசிச்சப்போ, மெஷின்ஸ் பேப்பருக்கு மனப்பாடம் பண்ணின அந்த '4.44 எஃப் என் ஃபை' ஃபார்முலா முன்னாடி வந்து நின்னுச்சு. அதே வோல்டேஜுக்கு ஃப்ரீக்வென்சியைக் கூட்டினா ஃப்ளக்ஸ் குறைவாப் போதும். ஃப்ளக்ஸ் குறைஞ்சா இரும்புக் கோர் சின்னதாகும். டிரான்ஸ்ஃபார்மர் எடை குறையும். பறக்குற பொருளுக்கு எடைதானே எதிரி! இன்டர்னலுக்கு மூணு தடவை எழுதின ஃபார்முலா, அன்னைக்குத்தான் எதுக்குன்னு புரிஞ்சுது.

(உண்மையையும் சொல்லிடுறேன். அதே செமஸ்டர்ல கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல எனக்கு அரியர். ஆட்டோபைலட்டே முழுக்க கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்தான். எவ்வளவு கேவலம் பாருங்க!)

சரி, செலவு? நல்ல ஆட்-ஆன் ஐம்பதுல இருந்து எழுபது டாலர் வரைக்கும் போகும். நம்ம பாக்கெட்டுக்கு அது ரெண்டு மாச மெஸ் பில். உடனே 'கிராக்' தேடுவீங்க, தெரியும். 2018 பிப்ரவரியில ஒரு கூத்து நடந்துச்சு. ஃப்ளைட் சிம் லேப்ஸ் கம்பெனி தன்னோட ஏ320 இன்ஸ்டாலருக்குள்ள, க்ரோம் பிரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டுகளை எடுக்கிற ஒரு ஃபைலை வச்சிருந்தது அம்பலமாச்சு. திருட்டு சீரியல் நம்பர் போட்டவனைப் பிடிக்க மட்டும்தான்னு விளக்கம் சொன்னாங்க, கண்டனம் கிளம்பவும் நீக்கினாங்க. கம்பெனி வச்சதே அப்படின்னா, முகம் தெரியாதவன் உடைச்சுத் தர்ற ஃபைல்ல என்னென்ன இருக்கும்? அதுக்கு அவசியமும் இல்லை. தன்னார்வலர்கள் சேர்ந்து செஞ்ச ஃப்ளைபைவயர் ஏ32என்எக்ஸ் இலவசம். எக்ஸ்-ப்ளேன் வச்சிருந்தா ஜிபோ 737 இலவசம். ஃப்ளைட்கியர் சிமுலேட்டரே முழுக்க இலவசம். நான் மூணு மாசம் இலவச ஏ320-லதான் இருந்தேன். 737-க்கு காசு சேர்த்தது, எங்க கொடிக்கால்ல வெத்தலை கிள்ளி அடுக்கின கூலியில.

இப்போ கொஞ்சம் சீரியஸ்.

சிமுலேட்டர்ல எங்களுக்கெல்லாம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இறங்கும்போது வேகம் அதிகமா இருந்தாலும், உயரம் தப்பா இருந்தாலும், எப்படியாவது ரன்வேயில போட்டுடுவோம். மோதினா? ரீஸ்டார்ட்! ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து கோயம்புத்தூருக்குள்ள வரும். மேற்குத் தொடர்ச்சி மலையில சுமார் 30 கிலோமீட்டர் அகல வாசல் அது. நிஜ வானிலையைப் போட்டு ஓட்டினா, அம்மி பறக்குதோ இல்லையோ, 737-ன் றெக்கை ரெண்டு பக்கமும் ஆடும். அதுலயும் அடம் பிடிச்சு இறக்குவேன். பத்துல ஆறு தடவை ரன்வேயில பாதிக்கு அப்புறம்தான் சக்கரம் தொடும். அதையே சாதனைன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட ஸ்கிரீன்ஷாட் வேற.

அப்புறம் கோழிக்கோடு விபத்து அறிக்கையைப் படிச்சேன். 2020 ஆகஸ்ட் 7. துபாயில இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737. மழை, இருட்டு, பின்பக்கக் காத்து. 8,858 அடி ரன்வேயில 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் தொட்டது. துணை பைலட் 'கோ அரவுண்ட்' சொல்லியும் இறக்கம் தொடர்ந்ததுன்னு அறிக்கை சொல்லுது. ரன்வே முடிஞ்சு, மேட்டுல இருந்து கீழே விழுந்துச்சு. ரெண்டு பைலட்டுகளோட சேர்த்து 21 பேர் போயிட்டாங்க. 'ரன்வேயில பாதி'ங்கிற வார்த்தையைப் படிச்சதும் என்னோட ஸ்கிரீன்ஷாட்டுகள் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எல்லாத்தையும் அழிச்சேன்.

அதுல இருந்து எனக்கு ஒரே சட்டம். 1,000 அடியில வேகம், உயரம், நேர்க்கோடு எல்லாம் சரியா இல்லைன்னா கோ அரவுண்ட். மறுபடி மேலே ஏறி, இன்னொரு சுத்து. ரீஸ்டார்ட் கிடையாது. இதுக்கு 15 நிமிஷம் போகும், கடுப்பாத்தான் இருக்கும். அந்தக் கடுப்போடதான் ஓட்டுறேன்.

"அப்ப பைலட் ஆயிடலாமே?"ன்னு கிளாஸ்ல ஒரு பொண்ணு கேட்டா. இந்தியாவுல கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் நிஜமாப் பறக்கணும். செலவு அரைக் கோடி ரூபாய் பக்கம் வரும். மாடி ரூம்ல நான் ஓட்டின 400 மணி நேரத்துல ஒரு நிமிஷம்கூட அதுல சேராது. ப்ளஸ் டூ முடிச்சப்போ இதை அப்பாகிட்ட கேட்கணும்னு ஒரு வாரம் கொடிக்காலுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். கேட்கலை. அந்த வருஷம் வெத்தலை விலை எப்படின்னு எனக்கே தெரியும்.

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி அப்பாவே மாடிக்கு வந்தார்.

"ஏன்டா கண்ணு, நம்ம கொடிக்கால் மேல ராத்திரி ஒரு ப்ளேன் லைட்டுப் போட்டுட்டுப் போகுதே, அதுவா இது?"

"அது மாதிரிதானுங்ப்பா. உக்காருங்க."

இறங்குறதுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உயரம் எத்தனை ஆயிரம் அடியோ, அதை மூணால பெருக்கினா அத்தனை நாட்டிக்கல் மைலுக்கு முன்னாடியே இறங்க ஆரம்பிக்கணும். 30,000 அடின்னா 90. சேலத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே இன்ஜின் சத்தம் குறைஞ்சுது. அந்தியூருக்கு நேரா வந்தப்போ உயரம் சுமார் 15,000 அடி. கீழே காட்டினேன். அப்பா மானிட்டர்கிட்ட முகத்தைக் கொண்டுபோய் ஏரியைக் கண்டுபிடிச்சார், கொடிக்காலைத் தேடினார். கிடைக்கலை. "நம்ம மோட்டார் ரூம் லைட்டைப் போட்டுட்டுத்தானே வந்தேன்..."ன்னார்.

பீளமேட்டுல நல்ல காத்து. ரன்வே 23-க்கு நேரா வந்தேன். 1,000 அடி. வேகம் 15 நாட் அதிகம். பக்கத்துல முதல் பயணி உட்கார்ந்திருக்கார், இறக்கிக் காட்டினா கெத்து. கை நடுங்குச்சு. த்ராட்டிலை முன்னாடி தள்ளி, மூக்கைத் தூக்கினேன்.

"ஏன்டா இறக்கலை?"

"வேகம் சரியில்லீங்ப்பா. இன்னொரு சுத்து போயிட்டு வர்றேன்."

அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு நல்லா உட்கார்ந்தார். "செரி, சுத்து. எனக்கென்ன அவசரம்?"

ரெண்டாவது சுத்துல எல்லாம் அம்சமா அமைஞ்சுது. வேகம் சரி, நேர்க்கோடு சரி, சக்கரம் இறங்கியாச்சு. 1,200 அடியில வரும்போது... கரன்ட் போச்சு!

தீபாவளிக்கு யுபிஎஸ் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கார்.